பேக்கப்புக்கு வெறும் காப்பியா, டிஸ்க் இமேஜா? ரெண்டுலயும் ரீஸ்டோர் பண்ணிப் பாத்ததுல சொல்றேன்

நான் டிடிபி கடை வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் இதுதான் வேலை. ரெண்டு வருஷம் முன்னாடி வைகாசி முகூர்த்த சீசன்ல கடை கம்ப்யூட்டர் எஸ்எஸ்டி போயிடுச்சு. முந்தின நாள் நைட் ஒழுங்காதான் ஷட்டவுன் பண்ணிட்டுப் போனேன், காலைல வந்து ஆன் பண்ணா பயாஸ்லயே, அதான் விண்டோஸுக்கு முன்னாடி வர செட்டிங் திரைலயே, டிஸ்க்கக் காட்டல. எனக்குப் பதட்டமே இல்ல, தினமும் சாயங்காலம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல ஃபோல்டரக் காப்பி போடுற ஆளு நான். புது எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ் ஏத்தி ஃபைல் எல்லாத்தையும் திரும்பப் போட மதியம் ஆச்சு, ஒரு ஃபைல்கூட மிஸ்ஸிங் இல்ல.

அப்புறம் பேஜ்மேக்கர்ல, நான் பத்திரிகை டிசைன் பண்ற சாஃப்ட்வேர்ல, ஒரு பத்திரிகையத் திறந்தேன். மாப்பிள்ளை பேரு இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா நிக்குது. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சதெல்லாம் இப்ப போன்ல எல்லாம் வர யூனிகோட் தமிழ் கிடையாது, இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவம் போட்டது, அந்த ஃபான்ட் இல்லன்னா தமிழே கிடையாது, ஃபான்ட் எல்லாம் சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருந்துச்சு, நான் காப்பி போட்டதோ டி டிரைவ் மட்டும். ஃபான்ட், கீபோர்டு சாஃப்ட்வேர், பிரின்டர் டிரைவர், கலர் செட்டிங்னு ஒவ்வொண்ணாத் தேடிப் போட ரெண்டரை நாள். பார்ட்டி போன் மேல போன்.

அதனால என் ஓட்டு டிஸ்க் இமேஜுக்குத்தான், அதாவது மொத்த டிஸ்க்கையும் அப்படியே எடுத்து வைக்கிறதுக்கு, ஒளிச்சுப் பேசல.

காப்பி போடுறதுல நல்லதே இல்லையான்னா இருக்கு. எந்த கம்ப்யூட்டர்ல சொருகினாலும் திறக்கும், ஒரு ஃபைல் போச்சுன்னா ஒரு நிமிஷத்துல எடுத்துக்கலாம். இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. கூகுள் டிரைவ் சிங்க்க, அதான் கம்ப்யூட்டர்ல இருக்குறதையே நெட்லயும் வச்சுக்குறத, பேக்கப்னு சொல்றவங்களும் இருக்காங்க, நீங்க இங்க டெலீட் பண்ணா அங்கயும் போயிடும், டிராஷ்ல 30 நாள்தான் இருக்கும், போன வருஷப் பத்திரிகைய இந்த வருஷம் தேடுற எனக்கு அது எந்த மூலைக்கு.

இமேஜ்னா ஃபைல் மட்டும் இல்ல, விண்டோஸ், ஃபான்ட், செட்டிங், கம்ப்யூட்டர் பூட் ஆக, அதான் ஸ்டார்ட் ஆக, வேணும்கிற பார்ட்டிஷன் எல்லாத்தையும் சேத்து அப்படியே படம் புடிச்ச மாதிரி. இமேஜ் எடுக்குற சாஃப்ட்வேர்ல மொதல்ல குளோன்ஜில்லா போட்டேன், ஃப்ரீ, நல்லா வேலை செய்யும், ஆனா ஒவ்வொரு தடவையும் பென்டிரைவ்ல பூட் பண்ணி உக்காரணும், சாதாரணமா பழைய டிஸ்க் அளவோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் ரீஸ்டோர் ஆகும், இமேஜுக்குள்ள இருந்து ஒத்த ஃபைல உருவுறது நம்ம மாதிரி ஆளுக்குத் தலைவலி. மேக்ரியம் ஃப்ரீ நல்லாருக்கும்பாங்க, அது 2024 ஜனவரியோட முடிஞ்சுபோச்சு. இப்ப வீம் ஏஜென்ட் ஃப்ரீல இருக்கேன். விண்டோஸ் ஓடிட்டு இருக்கும்போதே எடுக்குது, மொத தடவைதான் முழுசு, அப்புறம் மாறினது மட்டும், ஒத்த ஃபைல் வேணும்னாலும் உள்ள போய் எடுத்துக்கலாம்.

நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், புட்டுக்கிட்ட நேரத்துல இருந்து மறுபடி வேலைல உக்கார எத்தனை மணி நேரம். இந்த வருஷம் ஒரு அப்டேட்ல விண்டோஸ் பூட்டே ஆகல. வீம்ல முன்னாடியே செஞ்சு வச்ச ரிக்கவரி பென்டிரைவ்ல பூட் பண்ணி இமேஜக் காட்டினேன், 180 ஜிபி, முக்கால் மணி நேரத்துல பழையபடி பேஜ்மேக்கர்ல பாமினியோட நிக்குது. இதுலயும் ஒரு சூட்சுமம், எக்ஸ்டர்னல் டிஸ்க்க யுஎஸ்பி 3 போர்ட்ல சொருகுங்க, நொடிக்கு 100 எம்பி கிட்ட வரும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்னா 35 தாண்டுறதே கஷ்டம், அதே இமேஜுக்கு ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருக்கணும்.

குறையும் சொல்லிடுறேன். மாறினது மட்டும் எடுக்குறது சங்கிலி மாதிரி, நடுவுல ஒண்ணு கெட்டா அதுக்கு அப்புறம் எடுத்ததெல்லாம் சந்தேகம்தான், அதனால அப்பப்ப முழுசு எடுத்துக்கணும். வேற மதர்போர்டுக்கு ஒரே தடவைதான் ஏத்தியிருக்கேன், ஓடுச்சு, எப்பவும் ஓடும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இன்டெல் 11வது தலைமுறைல இருந்து வர நிறைய லேப்டாப்ல ஸ்டோரேஜ் டிரைவரத் தனியாக் கொடுத்தாத்தான் டிஸ்க்கே தெரியும், அதையும் முன்னாடியே எடுத்து வச்சுக்கங்க. ஆப்பிள் மேக் நான் தொட்டதில்ல.

எதை எடுத்தாலும் ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணிப் பாத்திருக்கணும். 2017 ஜனவரி 31ல கிட்லேப்ல, புரோகிராமர்கள் கோட் வைக்கிற சைட் நடத்துற கம்பெனில, ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சுட்டார், சுமார் 300 ஜிபி. தினசரி பேக்கப் எங்கன்னு பாத்தா சாஃப்ட்வேர் வெர்ஷன் டேட்டாபேஸோட ஒத்துப்போகாம அது எடுக்கப்படவே இல்ல, யாருக்கும் தெரியவும் இல்ல. யதேச்சையா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதான் அந்த நேரத்து டிஸ்க் நிலவரத்தோட நகல், அதுதான் காப்பாத்துச்சு, அப்பவும் சைட் திரும்ப வர சுமார் 18 மணி நேரம். அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்தக் கதின்னா நம்ம எம்மாத்திரம்.

நான் இப்ப அமாவாசைக்கு அமாவாசை, கடை லீவு அன்னிக்கு, பழைய டிஸ்க் ஒண்ணுல இமேஜ ஏத்தி ஒரு பத்திரிகையத் திறந்து பாத்துடுறேன். போன மாசம் அப்படி உக்காந்தப்ப ரிக்கவரி பென்டிரைவ் பூட்டே ஆகல, பாத்தா வீட்டுப் பையன் அத ஃபார்மேட் பண்ணி கார்ல போட பாட்டு ஏத்தி வச்சிருக்கான். இப்ப ரெண்டு பென்டிரைவ், ஒண்ணு பீரோவுல பூட்டி.