கனெக்டரைத் தாண்டும் சிக்னல்: எந்த மென்பொருள் கூடவே வரும்?

சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் மன்னார்குடி, பாபநாசம் பக்கத்து அரிசி மில்களுக்கு ஓய்வே கிடையாது. அப்போது பார்த்துத்தான் கலர் சார்ட்டரில் (கேமராவில் பார்த்து, கெட்ட அரிசியைக் காற்றடித்துத் தள்ளும் இயந்திரம்) ஒரு வால்வு அடிக்காமல் நிற்கும். கறுத்துப்போன அரிசி நல்ல அரிசியோடு சேர்ந்து இறங்கும். கேமரா போர்டு, மெயின் போர்டு, ரிப்பன் கேபிள், டிரைவர் போர்டு, கடைசியில் வால்வு என்று நீள்கிறது சிக்னலின் பாதை. எங்கே அறுந்தது என்று தேட எந்த மென்பொருள் உதவும்?

லேப்டாப் சர்வீஸ்காரர்களுக்குப் பழக்கமானது ஓப்பன்போர்டுவியூ. இலவசம். ஒரு பின்னைச் சொடுக்கினால் அதே நெட்டில், அதாவது ஒரே மின் இணைப்பில், இருக்கும் மற்றப் பின்களும் ஒளிரும். ஆனால் அந்த போர்டின் பாகங்களையும் இணைப்புகளையும் காட்டும் போர்டுவியூ கோப்பு இருந்தால்தான் வேலை. மில் இயந்திரங்களுக்கு அதை யார் தரப்போகிறார்கள்? மேலும், அது ஒரு கோப்பில் ஒரு போர்டைத்தான் காட்டும். லேப்டாப்பிலேயே சின்ன ஐஓ (இன்புட்-அவுட்புட்) போர்டுக்குத் தனி ஜன்னல் திறந்து, கனெக்டர் பின் எண்ணை வைத்து நாம்தான் பொருத்திப் பார்க்க வேண்டும்.

நேர் எதிர்முனையில், போர்டு வடிவமைக்கும் மென்பொருளான ஆல்ட்டியம் டிசைனர். பல போர்டுகளை ஒரே புராஜெக்ட்டில் கட்டங்களாக வைத்து, நேரடி இணைப்பு, ஒயர், கேபிள், ஹார்னஸ் (ஒயர் கட்டு) என்று வகை சொல்லி இணைக்கலாம். ஒரு போர்டின் கனெக்டரில் பின் மாறினால் முரண்பாட்டைக் காட்டிக்கொடுக்கும். போர்டுகளை வடிவமைப்பவருக்கு அருமையான வசதி. அடுத்தவர் செய்த போர்டைப் பழுது பார்ப்பவருக்கு இது அதிகம். சந்தாவும் சின்னப் பட்டறைக்குத் தாங்காது.

சர்க்யூட் படமும் போர்டும் வரையும் கிகேட் இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஒரு புராஜெக்ட்டுக்கு ஒரு போர்டு என்பதுதான் அதன் கணக்கு. ஆனால் போர்டு வரையப் போவதில்லை, சர்க்யூட் படம் மட்டும் போதும் என்றால் வழி இருக்கிறது. ஒவ்வொரு போர்டையும் ஒரு துணைத் தாளாக வையுங்கள். முதல் தாளில் அவை பெட்டிகளாக நிற்கும். பெட்டிகளுக்கு நடுவே போடும் கோடுகள்தான் ரிப்பன் கேபிள். இப்போது ஒரு நெட்டை ஒளிரவிட்டால் தாள் தாளாகத் தொடர்ந்து போகும்.  தொல்லை ஒன்று உண்டு: எல்லாப் போர்டிலும் ஒரு யு1 (முதல் ஐசியின் பெயர்) இருக்கும், ஒரே புராஜெக்ட்டில் அது கூடாது. தாள் எண்ணை 100ஆல் பெருக்கி எண்ணிடும் வசதியைப் போட்டுக்கொண்டு, போர்டில் அச்சிட்டிருக்கும் பெயரைத் தனிப் புலத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் திரையில் யு301, கையில் யு1 என்று தலை சுற்றும்.

இவ்வளவு இருந்தும் எனக்கு முதலில் கை போவது எக்செல்லுக்குத்தான். மேலே சொன்ன மென்பொருள்கள் தொடர்வது செம்புத் தடத்தை, சிக்னலை அல்ல. டிரைவர் போர்டில் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) வந்துவிட்டால் அதன் உள்ளீட்டோடு நெட் முடிந்தது. அந்தப் பக்கம் வேறு நெட். வழியில் ஒரு ரெசிஸ்டர் குறுக்கே வந்தாலும் அதே கதி. எக்செல்லில் போர்டு, கனெக்டர், பின், ஒயர் நிறம் என்று போட்டு, கூடவே 'சிக்னல்' என்று ஒரு பத்தி வைத்து, எல்லா வரியிலும் 'வால்வு 7' என்று எழுதி வடிகட்டினால் முழுப் பாதையும் வரிசையாக வந்து நிற்கும். கரன்ட்டை அணைத்து, மல்டிமீட்டரில் பீப் பார்த்தபடியே நிரப்பலாம். படம் தெரியாது என்பது குறைதான். அதே மாடல் இன்னொரு மில்லிலிருந்தும் வந்தால் அப்புறம் கிகேட்டில் ஏற்றுவது லாபம்.

எதில் எழுதினாலும் ரிப்பன் கேபிளில் கவனம் தேவை. சிவப்புக் கோடு 1ஆம் பின். கனெக்டரை போர்டின் அடிப்பக்கம் பொருத்தியிருந்தால் ஒற்றை, இரட்டை வரிசைகள் இடம் மாறியிருக்கலாம். '1க்கு 1' என்று ஊகித்து எழுதினால் மென்பொருளும் அதையே நம்பும். இரண்டு முனையிலும் பீப் கேட்ட பிறகே எழுதுங்கள்.

மோட்டார், கான்டாக்டர், ரிலே என்று பேனல் ஒயரிங் மட்டும் என்றால் இவை எதுவும் வேண்டாம். ஒயரிங் படம் வரைய இலவசமாகக் கிடைக்கும் கியூஎலக்ட்ரோடெக் போதும்.