குரலைத் திருத்த ஆடாசிட்டி

கதைகளை வாசித்து ஒலிப்புத்தகமாக்குகிற எனக்கு ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருள்தான் அன்றாடக் கருவி. காசு கேட்காது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இலவசம் என்பதற்காக மட்டும் நான் இதை வைத்துக்கொண்டிருக்கவில்லை. குரலைத் திருத்தும் வேலையில் இதன் நுணுக்கம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

இரைச்சல் குறைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தொடங்கும் முன் சில நொடிகள் பேசாமல் பதிவை ஓடவிட வேண்டும். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால், மின்விசிறியின் உறுமல் எப்படிப்பட்டது என்று மென்பொருள் தெரிந்துகொள்கிறது. பிறகு முழுப் பதிவிலும் அதைக் குறைக்கலாம். என் காதுக்கு 8 டெசிபல் குறைத்தால் போதும். அளவு மீறினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். அதே பெட்டியில் 'ரெசிட்யூ' என்றொரு தேர்வு உண்டு. அதை அழுத்தி முன்னோட்டம் கேட்டால், நீக்கப்படும் ஒலி மட்டும் வரும். அதில் சொற்கள் காதில் விழுந்தால், இரைச்சலோடு குரலையும் அரித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். இந்த ஒரு பொத்தானுக்காகவே இதை உருவாக்கியவர்களைப் பாராட்டுவேன்.

அடுத்தது 'ப' படுத்தும் பாடு. 'பறவை', 'பாட்டி' என்று தொடங்கும்போது மூச்சு மைக்கில் மோதி 'டப்' என்று விழும். ஒலியலையைப் பெரிதாக்கினால் அந்த இடம் மட்டும் புடைத்துத் தெரியும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டினால் அடங்கிவிடும், எழுத்து சிதையாது. வேண்டாத பகுதியை வெட்டும் முன் 'இசட்' விசையைத் தட்டினால் தேர்வின் முனைகள் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். ஒட்டிய இடத்தில் 'டிக்' ஓசை வராது.

2021இல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் இதை வாங்கிய பிறகு தனியுரிமைக் கொள்கை குறித்துப் பெரிய சர்ச்சை எழுந்தது. பயனர்கள் எதிர்த்தார்கள், கொள்கை திருத்தப்பட்டது. இதே மூல நிரலிலிருந்து டெனாசிட்டி என்ற கிளையும் பிறந்தது. பிடிக்காவிட்டால் பிரித்தெடுத்துக்கொண்டு போகும் இந்த உரிமையைத்தான் கட்டற்ற மென்பொருளில் நான் பெரிதாக மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. கேட்டுக்கொண்டே விளைவுகளை (ஒலியை மாற்றும் எஃபெக்டுகளை) மாற்றும் வசதி 2022இல், 3.2 பதிப்பில்தான் வந்தது. இரைச்சல் குறைப்பு அதில் சேரவில்லை. திட்டக்கோப்பை மூடினால், செய்ததைத் திரும்பப் பெறும் வரலாறு அழிந்துவிடும். ஆகவே முதல் பதிவை 'வேவ்' கோப்பாகத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் திருத்தத் தொடங்குங்கள். வாத்தியங்களை அடுக்கி இசையமைக்க நினைப்பவர்கள் எல்எம்எம்எஸ் என்ற இசையமைப்பு மென்பொருள் பக்கம் போகலாம்.