டெயிலோடு எட்டு வருஷம்: பைத்தான் எலிமெண்ட்ட்ரீ பற்றி ஒரு பகிர்வு

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தி பையன் போன் பண்ணினான். புதுச்சேரியில் ஆராய்ச்சி இதழ்களுக்கு டைப்செட்டிங் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் நாலு மாதம் முன்புதான் சேர்ந்தான். நானும் அதே தொழில்தான், வேறு கம்பெனி. "அண்ணா, ஃபைல்ல இருந்து டேகை மட்டும்தான் எடுத்தேன், பக்கத்துல இருந்த வரியையும் காணோம்" என்றான். குரல் கம்மியிருந்தது. அவன் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் 2018-ல் இதே தப்பு என் கையாலும் நடந்திருக்கிறது. அதே ரிமூவ் (டேகை நீக்கும் கட்டளை), அதே டெயில் (டேகுக்குப் பின்னால் ஒட்டி வரும் எழுத்து). போனிலேயே அவனுக்கு வழி சொல்லிவிட்டேன். ஆனால் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கவும் மாற்றவும் பைத்தானோடு வருகிற எலிமெண்ட்ட்ரீ, எட்டு வருஷமாக நான் தினமும் திறக்கிற லைப்ரரி, இன்னொரு பையனையும் அதே இடத்தில் தடுக்கி விட்டிருக்கிறது என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எக்ஸ்எம்எல் என்றால் என்ன, பைத்தானை எப்படி நிறுவுவது என்பதெல்லாம் இதில் கிடையாது. எலிமெண்ட்ட்ரீயைக் கொஞ்சமாவது தொட்டுப் பார்த்தவர்களுக்கும், எதை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும்தான் இது.

முதலில் அந்த டெயிலைச் சொல்லிவிடுகிறேன், மனசில் இருப்பது அதுதான். எங்கள் வேலையில் வரும் கோப்புகள் ஜேட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் அமைப்பில் இருக்கும். 2003-ல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் டிடிடியாக, அதாவது எந்த டேக் எங்கே வரலாம் என்ற விதித் தொகுப்பாகத் தொடங்கி 2012-ல் தரநிலையானது. இதில் ஒரு பத்திக்குள் எழுத்தும் டேகும் கலந்து கிடக்கும். நடுவில் ஒரு சொல் சாய்வெழுத்தில் வரும், ஒரு எண் மேலெழுத்தில் வரும், மேற்கோள் எண் வரும், அப்புறம் வாக்கியம் தொடரும். 2018-ல் என் கையில் இருந்த மருத்துவக் கட்டுரையில் வந்த வாக்கியத்தைத் தமிழில் சுருக்கி, டேகின் பெயரையும் தமிழாக்கி எழுதினால் இப்படி இருக்கும்:

<பத்தி>இந்த மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது<சான்று>4</சான்று>, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாது.</பத்தி>

படிக்கிற யாருக்கும் "ஆனால்" என்று தொடங்கும் பகுதி பத்திக்குச் சொந்தம் என்றுதான் தோன்றும். எலிமெண்ட்ட்ரீ கணக்கு அப்படி இல்லை. "குறைக்கிறது" வரைக்கும் பத்தியின் டெக்ஸ்ட். 4 என்பது சான்றின் டெக்ஸ்ட். அதற்குப் பிறகு வரும் அத்தனையும் சான்றின் டெயில். அதாவது பத்தியின் பாதி வாக்கியம், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மேற்கோள் எண்ணின் வாலில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆய்வுச் சுருக்கத்தில் மேற்கோள் எண் வரக்கூடாது என்பது அந்த இதழின் விதி. ஸ்கிரிப்ட் எழுதினேன், சுருக்கத்துக்குள் இருந்த சான்றுகளையெல்லாம் ரிமூவ் போட்டேன், ஓடியது, ஒரு எர்ரர்கூட இல்லை. டிடிடி சரிபார்ப்பிலும் தேறியது, ஏனென்றால் பத்திக்குள் எழுத்து எவ்வளவு இருக்கிறது என்று டிடிடி கேட்பதில்லை. ஆனால் சான்று போகும்போது டெயிலும் கூடவே போய்விட்டது, வீட்டைக் காலி செய்தவன் பக்கத்து வீட்டுச் சாமானையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனது மாதிரி. மிச்சம் நின்றது, "இந்த மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது". யாருக்குக் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கையே இல்லை.

புரூஃப் பார்க்கும் மூத்த அக்கா ஒருவர்தான் கண்டுபிடித்தார். பத்தி முடிவில் முற்றுப்புள்ளி இல்லையே என்று கேட்டார், அவ்வளவுதான். அந்தத் தொகுப்பில் 43 கோப்புகள், அதில் 11-ல் வரி தொலைந்திருந்தது. பதினொன்றையும் மூலத்தோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்து முடித்து, கடலூர் பஸ்ஸைப் பிடிக்கும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. கிருமாம்பாக்கம் தாண்டும்வரை கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. அந்த அக்கா பார்க்காமல் விட்டிருந்தால் அது அச்சாகியிருக்கும், எங்கேயோ ஒரு டாக்டர் படித்திருப்பார். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

டெயில் என்றால் என்ன என்று ஆவணத்தில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள், மறைக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் அன்றைக்குத் திரும்பத் திரும்பப் படித்த ரிமூவ் பற்றிய குறிப்பில் டெயில் பேச்சே இல்லை. எடுக்கப் போகிறவன் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தானே. "டெயிலை விட்டுவிட்டு எடு" என்று சொல்ல ஒரு சின்ன வசதியாவது அதில் இருந்திருக்கலாம்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியாமல் இல்லை. எலிமெண்ட்ட்ரீயை எழுதியவர் ஃபிரெட்ரிக் லுண்ட். 2006-ல் வந்த பைத்தான் 2.5-ல் அது பைத்தானோடேயே சேர்ந்து வர ஆரம்பித்தது. அவர் 2021-ல் காலமானார். அதற்கு முன்பு பைத்தானோடு வந்துகொண்டிருந்த மினிடாம் என்ற எக்ஸ்எம்எல் லைப்ரரியில் எழுத்தும் ஒரு தனி நோடு, அதாவது மரத்தில் ஒரு தனிக் கணு. ஒரு தலைப்பை உருவாக்க எலிமெண்ட் (டேகும் அதன் உள்ளே இருப்பதும்) ஒன்று, அதற்குள் போட டெக்ஸ்ட் நோடு ஒன்று, அதை இதில் ஒட்ட ஒரு வரி, இதை அதில் ஒட்ட இன்னொரு வரி. படிக்கும்போதும் டேகுகளுக்கு நடுவில் இருக்கும் வெற்று இடமெல்லாம் குழந்தைகளாக வந்து நிற்கும். லுண்ட் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எலிமெண்ட் என்பது ஒரு லிஸ்ட், அதன் ஆட்ரிப்யூட் ஒரு டிக்‌ஷனரி, அவ்வளவுதான் என்று ஆக்கினார். குழந்தைகள் எத்தனை என்று லென் போட்டுக் கேட்கலாம், மூன்றாவது குழந்தையை எண் போட்டு எடுக்கலாம், ஃபார் லூப்பில் ஓட்டலாம். எழுத்து நோடு என்று எதுவும் குறுக்கே வராது. வராமல் இருக்க அந்த எழுத்தை எங்கேயாவது வைத்தாக வேண்டுமே, அதற்குத்தான் டெயில். பில், ஸ்டாக் பட்டியல், செட்டிங்ஸ் மாதிரி கோப்புகளில் டெயிலில் இருப்பது வெறும் இடைவெளிதான், போனாலும் நஷ்டமில்லை. எங்களை மாதிரி வாக்கியம் வைத்துப் பிழைப்பவர்களுக்குத்தான் அது உயிர்.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, ஒரு எலிமெண்டைக் கையில் வைத்துக்கொண்டு உன் தாய் யார் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. எடுக்க வேண்டுமென்றால் தாயிடம்தான் போய்ச் சொல்ல வேண்டும், தாய் யாரென்று தெரிய மரம் முழுக்க ஒரு சுற்று சுற்றி யாருக்கு யார் பிள்ளை என்று ஒரு டிக்‌ஷனரி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதை வைத்துத்தான் என் எட்டு வரி ஃபங்ஷன் ஓடுகிறது. எடுக்கப்போகும் எலிமெண்டுக்கு டெயில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், முன்னால் ஒரு அண்ணன் எலிமெண்ட் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அவன் டெயிலின் கடைசியில் ஒட்டும், இல்லையென்றால் தாயின் டெக்ஸ்டின் கடைசியில் ஒட்டும், அதற்குப் பிறகே ரிமூவ். 2018 அந்த ராத்திரிக்கு மறுநாள் எழுதியது, இன்றுவரை என் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் முதல் ஃபங்ஷன் அதுதான்.

இன்டெண்ட் இன்னொன்று. பைத்தான் 3.9-ல் வந்தது, கோப்பை அழகாக வரிசை தள்ளி எழுதிக் கொடுக்கும். நெடுநாள் கேட்ட வசதி, வந்தவுடன் ஆசையாகப் போட்டேன். பைகார்பனேட்டில் கீழெழுத்து 3-ம் அதை ஒட்டியே மேலெழுத்துக் கழித்தல் குறியும் வரும், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. இன்டெண்ட் காலி டெயிலைப் பார்த்தால் அதில் புது வரியும் இடைவெளியும் போட்டுவிடுகிறது. 3-க்கும் குறிக்கும் நடுவில் ஒரு ஓட்டை விழுந்து பிடிஎஃப் வந்தது. கலந்த எழுத்துள்ள கோப்பில் இன்டெண்ட் பக்கமே போகாதீர்கள்.

மற்றக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கோபம் அவ்வளவு இல்லை. பார்ஸ் செய்து (படித்து மரமாக்கி) திரும்ப எழுதினால், கோப்பின் தலையில் எந்த டிடிடி என்று சொல்லும் டாக்டைப் வரி போய்விடும். கமெண்டும், மென்பொருளுக்கான குறிப்பான பிராசஸிங் இன்ஸ்ட்ரக்‌ஷனும் சொல்லாமலே உதிர்ந்துவிடும், கட்டுரை ஆசிரியருக்கான கேள்விகளை நாங்கள் அதில்தான் வைப்போம் என்பதால் இதுவும் ஒரு முறை அடித்தது. 3.8-லிருந்து, மரத்தைக் கட்டும் ட்ரீபில்டரில் சொல்லி வைத்தால் தக்கவைக்கும். பெயர்களுக்கு முன்னால் எக்ஸ்லிங்க் என்று இருந்த முன்னொட்டை என்எஸ்0 என்று மாற்றி எழுதும். எக்ஸ்எம்எல் விதிப்படி இரண்டும் ஒன்றுதான், ஆனால் வாங்குகிற இடத்தில் இருக்கும் கருவி அப்படி நினைக்கவில்லை, அதனால் எந்த முன்னொட்டு எதைக் குறிக்கிறது என்ற நேம்ஸ்பேஸை முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். 3.8-க்கு முன்பு ஆட்ரிப்யூட்களை அகர வரிசையில் மாற்றி எழுதும், ஒப்பிட்டுப் பார்த்தால் கோப்பு முழுக்க மாறியதாகக் காட்டும். அது சரியாகிவிட்டது, அதற்கு நன்றி.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. நண்பர் ஒருவர் வில்லியனூரில் இருந்து கவிதைகளை மின்னூலாக்கக் கொடுத்தார். மரத்தை எழுத்தாக்கித் தரும் டூஸ்ட்ரிங் போட்டேன், திரை முழுக்க எண். குறியாக்கம் எதுவும் சொல்லாவிட்டால் அது அமெரிக்க ஆஸ்கியில் எழுதும், அதில் தமிழ் எழுத்து கிடையாது, அதனால் ஒற்றைக் "க" &#2965; என்று ஏழு குறிகளாக வருகிறது. பிரவுசரில் திறந்தால் சரியாகத்தான் தெரியும், ஆனால் கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தேட முடியாது, பிழை திருத்த முடியாது. யூடிஎஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. சேர்க்காவிட்டால் தப்பில்லை என்று நினைத்து அப்படியே அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அப்புறம், மேலே காட்டிய மாதிரி டேகுக்கே தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்பதும் அந்த வேலையில்தான் தெரிந்தது. எக்ஸ்எம்எல் விதியே அனுமதிக்கிறது, எலிமெண்ட்ட்ரீயும் மறுபேச்சில்லாமல் படித்தது. கவிதை, அடி, சீர் என்று டேக் வைத்து எழுதியபோது வந்த சந்தோஷம் வேறு எந்த வேலையிலும் வரவில்லை.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும் ஐட்டர்பார்ஸ் இல்லையென்றால் எங்கள் மேற்கோள் சரிபார்ப்பு வேலையே நடக்காது. மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் வருஷத்துக்கு ஒரு முறை முழுத் தொகுப்பாக வெளியிடும் கோப்பு ஒவ்வொன்றிலும் 30,000 கட்டுரைக் குறிப்புகள் வரை இருக்கும். 4 ஜிபி ரேம் உள்ள என் பழைய மேசைக் கணினியில் அதை மொத்தமாக ஏற்றினால் மூச்சுத் திணறும். ஐட்டர்பார்ஸில் ஒவ்வொரு குறிப்பாக முடிய முடிய எடுத்துக்கொண்டு அதைக் காலி செய்துவிடலாம், வேரையும் அவ்வப்போது காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வெற்று ஓடுகள் அங்கேயே சேரும். அப்படிச் செய்தால் முழுத் தொகுப்பையும் ஒரு ராத்திரி ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், காலையில் முடிந்து நிற்கும். ஒரு நாள்கூட நடுவில் நின்றதில்லை. ஐட்டர்டெக்ஸ்ட் இன்னொரு தங்கம், ஒரு பத்தியைக் கொடுத்தால் உள்ளே எத்தனை டேக் இருந்தாலும் டெக்ஸ்டையும் டெயிலையும் வரிசை மாறாமல் கோத்து முழு வாக்கியமாகத் தந்துவிடும். எந்த ஸ்கிரிப்ட் ஓடிய பிறகும், முன்பு இருந்த எழுத்தையும் பிறகு இருக்கும் எழுத்தையும் ஐட்டர்டெக்ஸ்டால் எடுத்து ஒப்பிட்டு, எடுக்கச் சொன்ன எழுத்தைத் தவிர ஒரு எழுத்து குறைந்தாலும் நிறுத்திவிடுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். டெயில் செய்த காயத்துக்கு அதே லைப்ரரி கொடுத்த மருந்து அது.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு பைத்தான் லைப்ரரியான எல்எக்ஸ்எம்எல்லுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். அதில் தாயைக் கேட்டால் சொல்லும், முன்னொட்டுகளை மாற்றாது, டேகுகளைத் தேடித் தரும் எக்ஸ்பாத் முழுசாக உண்டு, டெயிலை விட்டுவிட்டு டேகை மட்டும் நீக்கத் தனி வழியும் இருக்கிறது. ஆனால் எலிமெண்ட்ட்ரீ போட்ட பாதையிலேயே கட்டியது என்பதால் அதிலும் டெயில் உண்டு, அதன் ரிமூவும் டெயிலைக் கொண்டுதான் போகும். ஊர் மாறினாலும் பழக்கத்தை விட முடியாது.

தம்பிக்கு நான் சொன்ன தீர்ப்பு இதுதான். பில்லோ பட்டியலோ என்றால் எலிமெண்ட்ட்ரீயைக் கண்ணை மூடிக்கொண்டு எடு, அதைவிடச் சுலபமானது கிடையாது. கட்டுரைக் கோப்பென்றால் அதைத் தொடாதே, எல்எக்ஸ்எம்எல்லில் தொடங்கு, நான் பட்டது போதும். அஞ்சில் ரெண்டுதான் கொடுப்பேன், இந்த வாரம் அதற்கு மேல் மனசு வரவில்லை.

"அப்ப நீங்க ஏண்ணா இன்னும் அதுலயே எழுதுறீங்க" என்று கேட்டான். பதில் சொல்லவில்லை, எட்டு வரியை அனுப்பி வைத்தேன். நேற்று அவன் திருத்திய கோப்பை எனக்கு அனுப்பினான், பஸ்ஸில் உட்கார்ந்து அரியாங்குப்பம் வருவதற்குள் முழுசும் படித்துவிட்டேன். எல்லாப் பத்தியும் முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது. திங்கட்கிழமை எனக்கு ஒரு புது இதழ் தொடங்குகிறது, 60 கட்டுரை, அதற்கான ஸ்கிரிப்டை ராத்திரியே ஆரம்பித்துவிட்டேன், எலிமெண்ட்ட்ரீயில்தான்.