தர்மபுரி பென்னாகரம் ரோடு லேப்டாப் கடை: கேமரா சரியாகிடுச்சு, 4 ஸ்டார்

சாயங்காலம் ஆன்லைன்ல பத்தாவது பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கறேன், திடீர்னு லேப்டாப் கேமரா வரல, மூணு நாளா "மிஸ் நீங்க தெரியவே இல்ல"ன்னு பசங்க ஒரே சத்தம். முதல்ல போன கடையில ஆன் பண்ணி ஒரு நிமிஷம் பாத்துட்டு "போர்டு பிரச்சனை, 4,500 ஆகும்"னுட்டாங்க, கழட்டிக்கூட பாக்கல. எனக்கு மனசு ஒப்பல, எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்புறம்தான் பென்னாகரம் ரோட்டுல மாடியில இருக்கற இந்த சின்ன கடைக்குப் போனேன். அங்க இருந்த தம்பி முதல்ல கேட்டதே "அக்கா, ஸ்கிரீன் திறக்கறப்ப டைட்டா இருக்கா?"ன்னுதான். லென்ஸ் மேல ஷட்டர் மூடியிருக்கா, செட்டிங்ஸ்ல பிரைவசி உள்ள கேமரா ஆன்ல இருக்கான்னு பாத்தாரு, எல்லாம் சரியா இருந்துச்சு. அப்புறம் லேப்டாப்ல என்னென்ன பாகம் இருக்குன்னு லிஸ்ட் காட்டற டிவைஸ் மேனேஜரத் திறந்து வச்சுக்கிட்டு ஸ்கிரீனை மெதுவா முன்னயும் பின்னயும் சாய்ச்சாரு பாருங்க, ஒரு அளவுக்கு வந்ததும் பென்டிரைவ் சொருகுனா வருமே அந்த சத்தம் வந்து கேமரா பேரு லிஸ்ட்ல வருது, இன்னும் கொஞ்சம் சாய்ச்சா பேரே காணோம்! லேப்டாப் உள்ள இருக்கற கேமராவும் யூஎஸ்பிலதான் ஓடுதாம், அந்த ஒயர் ஹிஞ்ச் (ஸ்கிரீனைத் திறந்து மூடற கீல்) வழியா போகுது, ஹிஞ்ச் டைட்டாகி ஒயரை நசுக்கிடுச்சு. என் கண்ணு முன்னாடியே கழட்டிக் காட்டினாரு, தலைமுடி மாதிரி ஒயரு, ரெண்டு அறுந்து செம்பு தெரிஞ்சுது.

கேபிள் பெங்களூர் எஸ்பி ரோட்ல இருந்து வரணும், ரெண்டு நாள்னாரு, நாலு நாள் ஆச்சு. போன் பண்ணா எடுக்கறதே இல்ல, வண்டி நிறுத்தவும் இடம் கிடையாது, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கம்மி. ஆனா "கிளாஸ் நிக்க வேணாம்க்கா"ன்னு லேப்டாப்பை மாட்டிக் கொடுத்து, கூடவே ஒரு பழைய யூஎஸ்பி வெப்கேமும் காசு வாங்காம கொடுத்தனுப்பினாரு, அத நான் மறக்க மாட்டேன். கேபிள், ஹிஞ்ச் லூஸ் பண்ணது, கூலி எல்லாம் சேத்து 1,100 ரூபா. அறுந்த கேபிளையும் கையில கொடுத்துட்டாரு.

உங்க கேமராவும் விட்டு விட்டு வந்துச்சுன்னா விண்டோஸ் திரும்பப் போடணும்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க, முதல்ல ஸ்கிரீனை சாய்ச்சுப் பாருங்க. ஒரு ஓரத்தப் புடிச்சு தூக்காம நடுவுல புடிச்சுத் திறக்கச் சொன்னாரு, இப்ப அப்படித்தான் திறக்கறேன். நேத்து ரெண்டு மணி நேரம் கிளாஸ், ஒரு தடவைகூட கட் ஆகல.