பி.எஸ்சி. நிலவியல்: படித்து முடித்து ஒன்பது வருடம் கழித்து

2013-இல் நான் பி.எஸ்சி. ஜியாலஜி சேர்ந்தபோது, அப்பா சொந்தக்காரர்களிடம் "பாப்பா புவியியல் படிக்குது" என்று சொல்லிவிட்டார். கேட்டவர்கள் எல்லாரும் மேப் வரைகிற பாடம், பி.எட். முடித்தால் டீச்சர் வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்பா மேல் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் ஜியாகரபிக்குப் பெயர் புவியியல். கல்குவாரிகளைக் கவனிக்கிற அரசுத் துறைக்கும் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை' என்றுதான் பெயர். குழப்பம் வராமல் இருக்க, பாறைகளையும் பூமியின் அமைப்பையும் பற்றிப் படிக்கிற ஜியாலஜியை நான் நிலவியல் என்றே எழுதுகிறேன்.

மூன்று வருடம் ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலை, அப்புறம் இரண்டு வருடம் எம்.எஸ்சி. 2018-இலிருந்து நிலத்தடி நீர் ஆய்வு என் வேலை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி போன் செய்து "இதில் சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். போனில் பாதிதான் சொல்ல முடிகிறது.

முதல் வருடம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பாறை, எரிமலை என்று நினைத்துப் போனவளுக்குக் கையில் கொடுத்தது மரத்தில் செய்த படிக மாதிரிகள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அச்சு எத்தனை, சமச்சீர்த் தளம் எத்தனை என்று எண்ண வேண்டும். சமச்சீரை வைத்துப் படிகங்களைப் பிரிக்கிற வகைகள் மொத்தம் 32. எதற்கு இது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த வருடம் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தபோதுதான் அதெல்லாம் எதற்கு என்று விளங்கியது. இப்போது முதல் வருடம் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, அந்த மரக்கட்டைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மைக்ராஸ்கோப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாறையை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்பார்கள். அவ்வளவு மெலிந்தால் கருங்கல்லில் உள்ள பெரும்பாலான கனிமங்கள் வழியாகவும் வெளிச்சம் போகும். நான் முதலில் பார்த்தது சார்னோக்கைட். சென்னை பல்லாவரத்துக் குன்றுகளில் இருக்கிற கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இதே வகைக் கல் இருப்பதை வைத்து, தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். வெறும் கண்ணுக்கு எண்ணெய் தடவிய மாதிரி கரும்பச்சையாக இருக்கும், அழகென்று சொல்ல முடியாது. லென்ஸுக்கு அடியில் மேடையைச் சுழற்றினால் அதே கல்லில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறுகிறது. அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை.

ஆனால் முப்பது பேருக்கு வேலை செய்கிற மைக்ராஸ்கோப் நான்குதான் இருந்தது. ஆளுக்குப் பத்து நிமிடம். பல பேர் ரெக்கார்டு நோட்டில் சீனியர் வரைந்ததைப் பார்த்தே வரைந்து முடித்தார்கள். லேப் உதவியாளரிடம் கெஞ்சி மாலை ஐந்து மணிக்கு மேல் பார்த்தவர்கள் மட்டும்தான் உண்மையில் கற்றுக்கொண்டோம்.

சரி, இந்தப் படிப்பின் உயிர் வகுப்பறையில் இல்லை, ஃபீல்டில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் நிலவியல் படிக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நான் மனதாரச் சொல்வேன். சேலத்தில் ஒரே நாளில் மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமத்தையும், கஞ்சமலையின் இரும்புக் கல்லையும் பார்த்துவிடலாம். கஞ்சமலையில் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கல் இழுக்கும். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்ற பாறை இருக்கிறது. நிலாவின் மேட்டு நிலங்களில் இருக்கிற பாறையும் இதே வகை என்பதால், சந்திரயான்-2 சோதனைக்கு வேண்டிய செயற்கை நிலா மண்ணை இஸ்ரோ இந்தக் கல்லை அரைத்துத்தான் செய்தது. நாங்கள் போனபோது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் "இந்தக் கல்லுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். சார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கினார். நான் கேட்டதிலேயே நல்ல பாடம் அது.

எல்லாவற்றுக்கும் மேலே காரை. பெரம்பலூர் மாவட்டத்தில், மழை அரித்து அரித்து ஓடைகளாகக் கிழிந்து கிடக்கிற களிமண் காடு. ஏறக்குறைய பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் அது கடல். தரையெல்லாம் ஜிப்சம் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். நடுவில் பெலெம்நைட், விரல் நீளத்தில் தோட்டா போல இருக்கும். கணவாய் மீனுக்கு உறவான, அழிந்துபோன ஒரு உயிரியின் உள் ஓட்டின் மிச்சம் அது. அரியலூர்ப் பக்கம் நகர்ந்தால் அம்மோனைட் கிடைக்கும் படிவுகள். சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரியின் படிமம் அது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஆத்தா பூஜையில் வைத்திருந்த சாளக்கிராமம்தான் ஞாபகம் வந்தது. அதுவும் அம்மோனைட்தான், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் வருவது. விடுமுறையில் ஊருக்குப் போய் ஆத்தாவிடம் சொன்னேன். "கடல்ல இருந்ததா? பெருமாள் பாற்கடல்லதானே இருக்காரு" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இடங்களில் தொல்லுயிர்ப் படிமங்களைப் பொறுக்கி மூட்டை கட்டாதீர்கள். எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது அறிவியலுக்கு வெறும் கல். படம் எடுங்கள், நோட்டில் எழுதுங்கள், வைத்துவிட்டு வாருங்கள்.

சாமான் விஷயம். முதலில் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அடித்த சுத்தியலை எடுத்துப் போனேன். கருங்கல்லில் இரண்டாவது அடியிலேயே சுத்தியல் முனையிலிருந்து சில் தெறித்துத் தோழியின் கன்னத்தில் கீறியது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. மற்றதை எல்லாம் விலை குறைவாக வாங்கலாம். பாறை உடைக்கவே செய்த சுத்தியலுக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் மட்டும் காசு பார்க்காதீர்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். திசை பார்க்கிற காம்பஸைக் கல்லூரியில் கொடுப்பார்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு எங்கே நிற்பது என்பதைக் கிளம்பும் முன்பே சாரிடம் வாய் திறந்து கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நடந்து, வெயிலில் மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எம்.எஸ்சி. படிக்கும்போது கர்நாடகத்தில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குப் போனோம். பையன்கள் கூண்டில் இறங்கினார்கள். எங்களை மேலேயே நிறுத்திவிட்டார்கள். பெண்களை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1952-ஆம் வருடச் சுரங்கச் சட்டம் சொன்னதைக் காரணமாகக் காட்டினார்கள். பார்வையிட வந்த மாணவிகளுக்கும் அதே கதவுதான் மூடியது. அன்று மூன்று மணி நேரம் கோர் ஷெட்டில், துளையிட்டு எடுத்த கல் உருளைகளைப் பெட்டி பெட்டியாகப் பார்த்தோம். அந்த மூன்று மணி நேரத்தில் கற்றுக்கொண்டது எனக்கு இன்றுவரை பயன்படுகிறது. ஆனாலும் கீழே போக முடியாத வருத்தம் போகவில்லை. 2019-இல் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பெண்கள் பகல் நேரத்தில் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்க அரசு அனுமதித்தது. இப்போது படிக்கிற பெண்கள் தயங்காமல் கேட்கலாம்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பி.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறையில் நல்ல இடம் கிடைப்பது மிகக் கஷ்டம். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிற யு.பி.எஸ்.சி. ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். ஆகவே இதை ஐந்து வருடப் படிப்பாகத்தான் கணக்குப் போட வேண்டும். கடைசி வருடத்தில், எம்.எஸ்சி. சேர்வதற்கான ஐ.ஐ.டி. ஜாம் நுழைவுத் தேர்வு எழுதலாம், ஜியாலஜிக்குத் தனித் தாள் உண்டு. எங்கள் வகுப்பில் அப்படி ஒரு தேர்வு இருப்பதே மூன்றாம் வருடம் பாதி போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டு வந்தவர்கள் அதில் திணறினார்கள். இந்தப் படிப்பில் கணக்கும் இயற்பியலும் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி என் வேலை. நிலத்தில் இரும்புக் கம்பிகளை அடித்து, மின்சாரம் செலுத்தி, ஆழம் போகப் போக மின்தடை எப்படி மாறுகிறது என்று அளப்போம். ஈரமான சிதைந்த பாறையில் தடை குறையும், கெட்டிப் பாறையில் ஏறும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கெட்டிப் பாறைதான். அதில் தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த பகுதியிலும் அடியில் உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே. கருவி வெடிப்பைக் காட்டலாம், அதில் தண்ணீர் இருக்கிறது என்று சத்தியம் செய்யாது. நான் குறித்துக் கொடுத்த மூன்றாவது இடத்தில் எண்ணூறு அடிக்கும் தண்ணீர் இல்லை, பாறைத் தூள் வெள்ளைப் புகையாகத்தான் வந்தது. அந்த விவசாயி நகையை அடகு வைத்துப் போர் போட்டிருந்தார். அன்றிலிருந்து, கிடைக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு என்பதை வேலை ஆரம்பிக்கும் முன்பே உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன். சில பேர் எழுந்து போய்த் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வருவதில்லை. காசு போட்டவருக்கு உறுதி தேவைப்படுகிறது, அதை நான் தர முடியாது.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். மூன்று வருடத்தில் மொத்தம் எத்தனை நாள் ஃபீல்டுக்குக் கூட்டிப் போவார்கள், அதற்கு ஆகும் செலவு யாருடையது, மைக்ராஸ்கோப் எத்தனை, இந்த மூன்றையும் சீனியர்களிடம் கேளுங்கள். எங்களுக்கு ஃபீல்டு பயணச் செலவு முழுக்கக் கைக்காசு. இரண்டு பேர் அதனாலேயே வராமல் நின்றார்கள். அவர்களுக்கு ஃபீல்டை ஒட்டிய அந்தப் பாடம் புரியாமலே போனது.

புது ஊருக்கு ஆய்வுக்குப் போனால் கருவியை இறக்கும் முன்னால் நான் திறந்த கிணற்றைத் தேடுவேன். மேலே செம்மண், அடுத்து சிதைந்த பாறை, அதற்கடியில் விரிசல் விட்ட பாறை, அப்புறம் கெட்டிக் கல் என்று எல்லாம் அந்தச் சுவரில் வரிசையாகத் தெரியும். எந்தத் திசை விரிசலில் ஈரம் கசிகிறது என்று பார்த்து, காம்பஸை வைத்துக் கோணத்தை எழுதிக்கொள்வேன். இரண்டாம் வருடத்தில், மதிய வெயிலில், சார் கையைப் பிடித்துக் காம்பஸ் வைக்கச் சொல்லிக்கொடுத்த அதே முறைதான்.