தேவாலா தங்கச் சுரங்கத் தடத்தில் ஒரு நடை: போகலாமா?

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் செல்வோரில் பெரும்பாலோர், தேவாலாவின் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பழைய தங்கச் சுரங்கங்கள் புதர் மூடிக் கிடப்பதை அறியாமலேயே கடந்துவிடுகிறார்கள். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் சிலர் சிறு குழுக்களை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுகிறார்கள். கட்டணம் மதிய உணவோடு ஒருவருக்கு 1,200 ரூபாய். ஊட்டியின் குளிரையும் புல்வெளியையும் எதிர்பார்த்து வருவோருக்கு இது ஏற்றதல்ல. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், வயநாட்டை ஒட்டிய, புழுக்கமும் அட்டையும் நிறைந்த காடு இது.

கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பைத் தருவது வழிகாட்டியின் கண்தான். சரிவை நீளவாக்கில் வெட்டிய ஒரு பள்ளத்தை நான் பழைய மண்சரிவு என்றே எண்ணியிருப்பேன். அவர் அதன் ஓரத்தில் குவிந்திருந்த உடைந்த வெள்ளைக் கற்களைப் புரட்டி, துருநிறம் படிந்தவற்றைத் தனியே எடுத்து வைத்தார். மேல்மட்டப் பாறையில் கந்தகமும் இரும்பும் கலந்த கனிமம் மழையிலும் காற்றிலும் மட்கிப் போவதால் தங்கத் துகள் விடுபட்டு நிற்கும். கல்லை இடித்துப் பாதரசத்தோடு சேர்த்தால் அது ஒட்டிக்கொள்ளும். ஆழத்திலோ தங்கம் அந்தக் கனிமத்துக்குள்ளேயே சிக்கியிருப்பதால், பாதரசத்துக்குப் பிடிபடாமல் கழிவோடு போய்விடும். இந்த மலையில் நடந்த கதையின் பாதி இந்தக் கல்லிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி பணத்தைப் பற்றியது. பணியரும் குறும்பரும் நெடுங்காலமாக ஓடை மணலை அரித்துப் பொன் எடுத்துவந்த இப்பகுதிக்கு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பணியாற்றிய பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரை 1879இல் அரசு வரவழைத்தது. அவருடைய நம்பிக்கையான அறிக்கையைத் தொடர்ந்து லண்டனில் ஏராளமான கம்பெனிகள் தொடங்கப்பட்டன. அவை திரட்டிய மூலதனத்தில் பெரும்பகுதி, நோயால் நலிந்திருந்த காப்பித் தோட்டங்களைக் கொள்ளை விலைக்கு வாங்குவதிலேயே கரைந்தது. சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்துபோயிற்று. “தங்கம் எடுத்தது லண்டன்ல சார், இங்க எடுத்தது மண்ணு மட்டும்தான்” என்றார் வழிகாட்டி. தொடக்கத்தில் தரப்படும் அச்சிட்ட தாளைவிட இந்த ஒரு வரி மேல். அந்தத் தாளில் புதையல் கதைகள் மிகுதி, ஆண்டுகள் குறைவு.

சுரங்க வாய்களுக்குள் யாரையும் விடுவதில்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எங்கள் குழுவிலும் ஒருவர், கைபேசி விளக்கோடு பத்தடியாவது போய்வர அனுமதி கேட்டு நெடுநேரம் வாதாடினார். வழிகாட்டி அசையவில்லை, என் பார்வையில் இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சம் அதுதான். உண்ணிச்செடிப் புதருக்குள் செங்குத்துக் குழிகள் மறைந்திருக்கின்றன; உள்ளே காற்றோட்டம் இல்லை; மண் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. இன்றைய தங்க விலையை நம்பித் திருட்டுத்தனமாகத் தோண்டப் போய் உயிரிழந்தவர்கள் உண்டு. யானை நடமாட்டம் தெரிந்தால் நடை அன்றே ரத்து, பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

உணவு ஒரு லயன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தின் வழியே குடியேறிய குடும்பங்கள் இங்கு அதிகம் என்பதால், ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கிடைத்தன. சம்பல் அருமை, ஆனால் மூன்று மணிக்குத்தான் இலை போட்டார்கள்.

திருத்த வேண்டியவையும் உண்டு. அட்டை ஏறாத நீள் காலுறை தேவை என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்க வேண்டும்; புறப்படும் இடத்தில் கையில் ஒரு பிடி உப்பைக் கொடுப்பது போதாது. பெண்களுக்கு வழியில் கழிப்பறை வசதி அறவே இல்லை. தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பதிவாகும் இடங்களில் ஒன்று தேவாலா என்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை நடை கிடையாது. டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே, வார நாளில், காலை முதல் குழுவில் இடம் கேட்டு வாங்குங்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள்.