உருமாறிய படிவுப்பாறையின் பூர்வீகம்: வேதியியலைக் கேட்பதா, சிர்க்கானைக் கேட்பதா?

வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய படிவுப்பாறையில் பழைய மணலும் சேறும் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். அவை எங்கிருந்து வந்தன, எப்படிப்பட்ட கடலோரத்தில் படிந்தன என்று அறிய இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, முழுப்பாறையின் வேதியியல். பாறையைப் பொடித்துத் தனிமங்களை அளக்கிறார்கள். தோரியம் கண்டங்களில் மிகுந்த கிரானைட்டில் மிகுதி, ஸ்காண்டியம் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையான பசால்ட்டில் மிகுதி. முதலாவது ஓங்கியிருந்தால் முதிர்ந்த கண்டத்து வண்டல்; இரண்டாவது ஓங்கினால் எரிமலைத் தீவு வளைவு, அதாவது வில்போல் வரிசையாக அமைந்த எரிமலைத் தீவுகள், என்று ஊகிக்கலாம். 1986இல் ரோசர், கோர்ஷ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட, படிவுச் சூழலைப் பிரித்தறியும் வரைபடமோ பொட்டாசியத்தையும் சோடியத்தையும் நம்புகிறது. சூடான நீர்மம் பாய்ந்தால் இவை எளிதில் இடம்பெயரும். உருமாறிய பாறைக்கு அதை அப்படியே பொருத்துவது ஆபத்து.

மற்றொன்று, சிர்க்கான் என்னும் கடினமான கனிமத்தின் மணிகள். யுரேனியம் ஈயமாகச் சிதைவதை வைத்து ஒவ்வொரு மணிக்கும் தனியே வயது கணிக்கலாம். உருமாற்றத்திலும் உள்கரு பெரும்பாலும் தப்பிவிடும். சுற்றிலும் புது விளிம்பு வளரும். வயதை அளக்க மணியின் மேல் பாய்ச்சும் லேசர், உள்கரு, விளிம்பு இரண்டின் மேலும் சேர்ந்து பட்டால் கிடைக்கும் வயதுக்கு அர்த்தமே இல்லை! மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பாறை படிந்தது சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன். அதிலுள்ள சில மணிகளுக்கோ ஏறத்தாழ 440 கோடி வயது. படிவுக் காலத்தை ஒட்டியே மணிகளின் வயது குவிந்தால், பக்கத்தில் எரிமலை வளைவு இயங்கியிருக்கக்கூடும். எல்லாமே மிகப் பழசென்றால் அமைதியான கண்ட விளிம்பு. ஆனால் பசால்ட்டில் சிர்க்கான் அரிது. அந்த மூலம் கணக்கிலேயே வராது. வேதியியல் அதைப் பிடித்துவிடும்.

என்னைக் கேட்டால், மணலிலிருந்து வந்த குவார்ட்சைட்டுக்குச் சிர்க்கான். களிமண்ணிலிருந்து வந்த மைக்கா சிஸ்ட்டுக்கு முதலில் வேதியியல்.